ரெண்டு இடத்துல எப்படிப்பா இருப்பான்?

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற சாலையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனவர்களுக்கு அறிவர் கோயில் கூரையில் இருக்கிற தாமரைக் குளம் ஞாபகம் இருக்கும். மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற துறவிகள்... அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் ஞாபகம் இருக்கும். அதே மலையில் ஏழடிப்பட்டம் என்றொரு குகை இருக்கிறது. அங்கே ஏறிப் பார்த்தவர்கள் கொஞ்சம் குறைவு. பாறையிலேயே வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள். தலை வைக்க ஒரு மேடு. ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. 2,000 வருஷப் பழசு.

அந்தக் கல்லில் படுத்தவர்கள் சமண முனிவர்கள். அவர்கள் மரபில் ஒரு வார்த்தை உண்டு. 'ஸ்யாத்'. நேராக மொழிபெயர்த்தால் 'இருக்கலாம்'. ஆனால், நாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் "மழை வந்தாலும் வரலாம்" என்கிறோமே, அந்த 'லாம்' இல்லை. 'ஒரு வகையில் பார்த்தால்' என்பது அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். எதைச் சொன்னாலும் இந்த முன்னொட்டைச் சேர்த்துக்கொள் என்றார்கள். ஒரு வகையில் பார்த்தால் இருக்கிறது. இன்னொரு வகையில் பார்த்தால் இல்லை. வேறொரு வகையில் பார்த்தால் சொல்லில் அடங்காது. இப்படி ஏழு விதமாகச் சொல்வார்கள். இதற்கெல்லாம் அடிப்படை அநேகாந்தவாதம். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, பார்க்கிறவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை, கூரையிலேயே இருக்கிறது. சுற்றுலா போனவருக்கு அது குளம். சமணருக்கு அது தீர்த்தங்கரரின் உபதேச மண்டபத்துக்குப் போகிற வழியில் இருக்கும் புனிதமான நிலம். 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் இந்த ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்து எழுதினார். அவருக்கு அது சுண்ணாம்பும் காவி மண்ணும். மூன்று பேரில் யார் சொல்வது பொய்? ஒருவரும் இல்லை.

சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழ்க்கைக்கு உதவுமா? 'ஒரு வகையில் பார்த்தால்' என்று ஆரம்பிக்கிற ஆளை நமக்குப் பிடிப்பதில்லை. வழவழா கொழகொழா பேர்வழி, இந்தப் பக்கமும் தலையாட்டுவான் அந்தப் பக்கமும் தலையாட்டுவான் என்போம். பஞ்சாயத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்தால் பஞ்சாயத்து விளங்காது. அதனால் கேள்வியை இப்படி வைக்கலாம். பாதி மட்டும் தெரிந்த ஒருவன் எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? நாம் எல்லோருமே எல்லா விஷயத்திலும் பாதி மட்டும் தெரிந்தவர்கள்தானே.

இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய அறுபது வருஷம் குடித்தனம் நடத்திய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். நேரில் இல்லை, படித்ததில். ஜி.என். ராமச்சந்திரன். அந்த 'ஜி' கோபாலசமுத்திரம், நெல்லைப் பக்கத்து ஊர். பிறந்தது 1922-ல் எர்ணாகுளத்தில். அப்பா கணிதப் பேராசிரியர். மகன் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். சித்தன்னவாசல் கல் படுக்கைகளிலிருந்து 50 சொச்சம் கிலோமீட்டர். மாணவராக இருந்தபோது அங்கே போனாரோ என்னவோ, அது முக்கியமில்லை. கடைசிக் காலத்தில் அந்தக் கல்லில் படுத்தவர்களின் வார்த்தையிடம்தான் போய்ச் சேர்ந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி, அப்புறம் கேம்பிரிட்ஜில் ஒரு டாக்டர் பட்டம், ஏறக்குறைய 30 வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர். படித்தது இயற்பியல் என்றாலும் பிழைப்பு நடந்தது வேதியியலின் முற்றத்தில். எக்ஸ்-ரேயை வைத்து மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது அவர் தொழில்.

எக்ஸ்-ரே என்றதும் ஆஸ்பத்திரியில் கை எலும்பை எடுக்கிற படம் நினைவுக்கு வரும். இது அது இல்லை. மூலக்கூறு என்பது அணுக்கள் கைகோத்து நிற்கிற கூட்டம். அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சின்னது. எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பை வைத்தாலும் சாதாரண ஒளியில் அது தெரியாது. எக்ஸ்-ரேயின் அலைநீளம் அந்த இடைவெளிக்குச் சரியாக வருகிறது. ஆனால், சிதறிய எக்ஸ்-ரேயைத் திரும்பக் கூட்டிப் பிம்பமாக்க, மைக்ராஸ்கோப்பில் இருப்பது போன்ற லென்ஸ் கிடையாது. அதனால் பொருளைப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ்-ரேயை விட்டு, பின்னால் ஃபிலிமை வைப்பார்கள். ஃபிலிமில் மூலக்கூறு விழாது. புள்ளிகள்தான் விழும். கோலம் போட வைத்த புள்ளி மாதிரி. கோலம் என்ன என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். ஒரு குளத்தில் நாலைந்து கல்லை ஒன்றாக எறிகிறார்கள், நீங்கள் கரையில் முதுகைக் காட்டி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வருகிற அலையின் உயரத்தை மட்டும் அளக்க அனுமதி. எந்த அலை முந்தியது, எது பிந்தியது என்ற கணக்கு தொலைந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு கல் எங்கெங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். எக்ஸ்-ரே ஃபிலிம் இப்படித்தான். புள்ளியின் பிரகாசம் கிடைக்கும். அலையின் முன்பின் கிடைக்காது. பாதித் தகவல். அந்தப் பாதியோடு மீதிப் பாதியை ஊகித்து, வடிவம் ஒன்றைக் கட்டி, அந்த வடிவத்திலிருந்து என்ன புள்ளி வரும் என்று கணக்குப் போட்டு, நிஜப் புள்ளியோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் கலைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து... ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டோரதி ஹாட்ஜ்கின் என்ற வேதியியலாளர் இன்சுலின் படிகத்தின் முதல் எக்ஸ்-ரே படத்தை 1935-ல் வெளியிட்டார். இன்சுலினின் வடிவத்தை அவருடைய குழு கண்டது 1969-ல். நடுவில் 34 வருஷம். அந்த இடைவெளியில் வேறு மூலக்கூறுகளுக்காக 1964-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசே வந்துவிட்டது. இன்சுலின் மட்டும் வரவில்லை. 'இன்னும் தெரியவில்லை' என்று 34 வருஷம் சொல்லிக்கொண்டிருக்க ஒரு மனசு வேண்டும்.

சென்னைக்கு வருவோம். ஹாட்ஜ்கினுடைய குருவான பெர்னால் ஒருமுறை சென்னைக்கு வந்திருந்தார். தோல், எலும்பு, தசைநாரில் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். நம் உடம்புப் புரதத்தில் கால் பங்குக்கும் மேலே இதுதான். ராமச்சந்திரன் கப்பென்று பிடித்துக்கொண்டார். தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில், கூப்பிடு தூரம். கோபிநாத் கர்த்தா என்ற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் விடையைச் சொன்னார். மூன்று இழை. 1955-ல் அதைத் திருத்தி, மூன்றும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு பெண்பிள்ளைகளின் சடை மாதிரி போகின்றன என்றார்கள்.

அதே 1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்ஸ் ரிச்சும், டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள். சடை சரி. ஆனால், ராமச்சந்திரன் கட்டிய வடிவத்தில் சில அணுக்கள் ரொம்ப நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன, இயற்கையில் அவ்வளவு நெருங்க முடியாது என்றார்கள். பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பிடித்துவைக்கிற ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று கண்ணிக்கு இரண்டு என்றது சென்னை. இல்லை, ஒன்று என்றது கேம்பிரிட்ஜ்.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வெள்ளைக்காரன் நம்மாளை மட்டம் தட்டுகிறான் என்று ஒரு கூட்டம் போட்டிருப்போம். அல்லது, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கம்மென்று இருந்திருப்போம். ராமச்சந்திரன் ஒரு குழந்தைத்தனமான கேள்வியைக் கையில் எடுத்தார். 'ரொம்ப நெருக்கம்' என்கிறாயே, எவ்வளவு நெருங்கினால் ரொம்ப நெருக்கம்? அதுவரை வெளிவந்திருந்த படிக வடிவங்களையெல்லாம் துருவி, எந்த அணுவும் எந்த அணுவும் குறைந்தபட்சம் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கின்றன என்று பட்டியல் எடுத்தார்கள். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற இரண்டு மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு கணக்கு.

புரதம் என்பது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் முக்கியமாக இரண்டு இடத்தில் திரும்பலாம். இந்தத் திருப்பத்துக்கு இத்தனை டிகிரி, அந்தத் திருப்பத்துக்கு இத்தனை டிகிரி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எங்கே அணுவும் அணுவும் முட்டிக்கொள்கின்றனவோ அங்கே பெருக்கல் குறி. முட்டாத இடத்தை விட்டுவைப்பது. கம்ப்யூட்டர் அரிதாக இருந்த காலத்துக் கணக்கு. 1963-ல் வெளியான அந்தப் படத்துக்கு உலகமே வைத்த பெயர் ராமச்சந்திரன் வரைபடம். அதைப் பார்த்தால் ஆச்சரியம். ஏறக்குறைய முக்கால் பங்கு இடத்துக்குப் புரதம் போகவே முடியாது. மீதியிருக்கிற சின்னச் சின்னத் தீவுகளில்தான் உலகத்து உயிர்களின் புரதமெல்லாம் பெரும்பாலும் குடியிருக்கிறது.

இந்த வரைபடம் உங்கள் புரதம் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. எப்படி இருக்க முடியாது என்று சொல்லும். அந்த 'முடியாது'க்கு அது சொல்கிற காரணம் ஒன்றே ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு பேர் உட்கார முடியாது.

இதே நியாயத்தை எக்ஸ்-ரே, கணக்கு எதுவும் இல்லாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டேன். திருமயம் பக்கம், எங்கள் சொந்தத்தில் கல்யாணம். காலை முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. மாடியில் பெண் வீட்டு அறையில் கண்ணாடி முன்னால் கழற்றிவைத்த இரண்டு பவுன் செயினைக் காணோம். எட்டரை மணிக்குப் பார்த்தோம், ஒன்பதுக்கு இல்லை என்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. சமையல்காரரோடு பரிமாற வந்த பையன். பதினேழு பதினெட்டு வயசிருக்கும். காலையில் அவன்தான் தண்ணீர் ஜக்கைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்தான். மாடிப்படியில் அவனைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெளியூர். சட்டை கொஞ்சம் அழுக்கு. வேறென்ன சாட்சி வேண்டும்?

கொல்லைப்புறத்தில் பத்துப் பதினைந்து பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். பாக்கெட்டைத் தடவினார்கள். "உண்மையைச் சொல்லிரு தம்பி, ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்று ஒருவர். "போலீஸ்ல சொன்னா ரெண்டே அடியில சொல்லிருவான்" என்று இன்னொருவர். பையன் அழவில்லை. கையில் ஒட்டியிருந்த சோற்றுப்பருக்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

அப்போது பந்தியிலிருந்து எழுந்து கை கழுவ வந்த அப்பத்தா ஒருத்தி. எண்பது வயசுக்கு மேல். என்னடா கூட்டம் என்று விசாரித்தாள். சொன்னார்கள்.

"எத்தனை மணிக்குக் காணாமப் போச்சு?"

"எட்டரைக்கு மேல, ஒம்பதுக்குள்ள அப்பத்தா."

"அப்ப இவன் எனக்குல்ல சாம்பார் ஊத்திக்கிட்டிருந்தான். இலை போட்டதிலேருந்து நான் எந்திரிக்கிற வரைக்கும் பந்தியை விட்டு நகரலையே. ரெண்டு இடத்துல எப்படிப்பா இருப்பான்?"

செயினை யார் எடுத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது. இவன் எடுத்திருக்க முடியாது என்பது தெரியும். தெரிந்ததை மட்டும் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் பதினைந்து பேருக்கும் அவளைவிட அதிகமாக விஷயம் தெரியும். ஜக்கு தெரியும், மாடிப்படி தெரியும், அழுக்குச் சட்டை தெரியும். எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு ஒரு 'உண்மை' கிடைத்திருந்தது. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு 'முடியாது'. அந்த ஒன்று அத்தனையையும் சாய்த்துவிட்டது.

சாய்த்திருக்க வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன். ஏனென்றால், கூட்டம் கலைந்தபோது ஒருவர் சொன்னார்: "இருந்தாலும், எதுக்கும் அவனை இனிமே மாடிப்பக்கம் விடாதீங்க." அந்த 'இருந்தாலும்' என்னைப் படுத்துகிற மாதிரி வேறெதுவும் படுத்துவதில்லை.

ராமச்சந்திரன் கடைசிக் காலத்தில் சமணர்களிடம் போனார் என்றேன் இல்லையா? 1970களின் ஆரம்பத்தில் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார். 1980களில் மூலக்கூறை வைத்துவிட்டு தர்க்கத்தை எடுத்தார். 'கரன்ட் சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரைகளில் தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்யாத் நியாயம்'. அதன் அடிப்படை ரொம்ப எளிமை. எந்தக் கூற்றுக்கும் இரண்டு கேள்வி கேள். இது உண்மையாக இருக்க இடமுண்டா? பொய்யாக இருக்க இடமுண்டா? முதலாவதுக்கு உண்டு, இரண்டாவதுக்கு இல்லை என்றால் கூற்று மெய். மாறிவந்தால் பொய். இரண்டுக்கும் இடமுண்டு என்றால் சந்தேகம், இன்னும் தெரியவில்லை. இரண்டுக்குமே இடமில்லை என்று வந்தால் முரண்பாடு. நீ ஆரம்பித்த இடத்திலேயே எங்கோ கோளாறு, திரும்பிப் போய்ப் பார். ஆக, நான்கு பெட்டி. இதையெல்லாம் பூஜ்யமும் ஒன்றும் போட்டுக் கணக்காகவே எழுதிக் காட்டினார்.

பெரிய கண்டுபிடிப்புகள் செய்த விஞ்ஞானி வயசான காலத்தில் தத்துவத்தில் இறங்கிவிட்டார் என்று இதைக் கொஞ்சம் பரிதாபமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க ஃபிலிம் புள்ளிகளோடு அவர் செய்துகொண்டிருந்ததைத்தான் கடைசியில் எழுத்தில் வைத்தார். பாதித் தகவலை வைத்துக்கொண்டு கௌரவமாக வாழ்வது எப்படி என்கிற கணக்கு அது.

இந்த நான்கு பெட்டியில் நம் தவறுகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். 'தெரியவில்லை' பெட்டியில் இருக்கவேண்டியதைத் தூக்கி 'மெய்' பெட்டியில் போடுவது ஒன்று. அந்தப் பையன் மாடிக்குப் போனான், அதனால் எடுத்தான். இது எல்லோருக்கும் தெரிந்த தவறு. கீதை, குறள், கோர்ட் எல்லாம் எச்சரித்தாகிவிட்டது.

இன்னொரு தவறை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 'பொய்' என்று முடிந்துபோனதைத் திரும்ப எடுத்து 'தெரியவில்லை' பெட்டியில் போட்டுவைப்பது. அதுதான் அந்த 'இருந்தாலும்'. இது பார்ப்பதற்கு நிதானம் மாதிரி, அடக்கம் மாதிரி இருக்கும். "நான் ஒண்ணும் அவன்தான்னு சொல்லலையே. ஆனா யாரு கண்டா?" ஒரு மனிதனை ஆயுசு முழுக்கக் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நிற்கவைக்க இது போதும். தீர்ப்புச் சொன்னால்கூட மேல்முறையீடு செய்யலாம். 'யாரு கண்டா?'வுக்கு மேல்முறையீடு கிடையாது. கல்யாணமான பெண்ணைப் பற்றி, வேலையில் கூட இருக்கிறவரைப் பற்றி, வேறு சாதிக்காரரைப் பற்றி நம் ஊரில் இந்த ஒரு வாக்கியம் செய்திருக்கிற அட்டூழியம் கொஞ்சநஞ்சமில்லை.

அநேகாந்தவாதத்தை 'யாரு கண்டா' வாதமாக்கிவிடக் கூடாது. யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். முறம், தூண், கயிறு... எல்லோரும் அவரவர் அளவில் சரி என்று முடிப்பார்கள். சரி, ஏழாவதாக ஒருவர் தொடவே தொடாமல் யானைக்கு றெக்கை இருக்கிறது என்றால்? அவரும் அவரளவில் சரியா? இல்லை சார், தப்பு. முறம் என்றவர் யானையைத் தொட்டார். பல பக்கம் உண்டு என்றால், எல்லாப் பேச்சும் ஒரு பக்கம் என்று அர்த்தமில்லை.

வேதியியலில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பென்சிலினின் வடிவம் என்ன என்று பெரிய சண்டை. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன் ஒரு வடிவத்தைச் சொன்னார். அவருக்கு அப்போதே உலகப் புகழ், 1947-ல் நோபல் பரிசும் வந்தது. வேறு சிலர், நான்கே அணு சேர்ந்த ஒரு சின்னச் சதுர வளையம் அதில் இருக்கிறது என்றார்கள். அப்படி ஒரு வளையம் நிற்காது, பிய்த்துக்கொண்டுவிடும் என்று கேலி. 1945-ல் ஹாட்ஜ்கினின் எக்ஸ்-ரே, சதுரம் இருக்கிறது என்று காட்டியது. அங்கே 'ஒரு வகையில் பார்த்தால் இருவரும் சரி' என்பதற்கு இடமே இல்லை. சதுரம் ஜெயித்தது, மற்றது தோற்றது. வேடிக்கை என்னவென்றால், ஹாட்ஜ்கினுக்கு முதன்முதலில் இன்சுலின் படிகத்தைக் கொடுத்து ஊக்குவித்தவரே இந்த ராபின்சன்தான். நமக்கு உதவியவர் சொன்னதைத் தவறு என்று காட்டவேண்டி வந்தால் காட்டத்தான் வேண்டும்.

சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடந்த சண்டை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். 1994-ல் கொலாஜனைப் போலச் செய்த ஒரு சின்ன மூலக்கூறைப் படிகமாக்கி, ரொம்பத் துல்லியமாகப் பார்த்தார்கள். சடை, சென்னை சொன்னபடி. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று கண்ணிக்கு ஒன்று, கேம்பிரிட்ஜ் சொன்னபடி. கூடவே தண்ணீர் மூலக்கூறுகள் நடுவில் நின்று கைகோத்துக் கொடுக்கின்றன. இரண்டாவது பிணைப்பு நேராக இல்லாமல் தண்ணீர் வழியாக இருக்கலாம் என்று 1960களின் கடைசியிலேயே ராமச்சந்திரன் சொல்லிப் பார்த்திருந்தார். ஆக, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விஷயத்தில் சரி, ஒவ்வொரு விஷயத்தில் சரியில்லை. எது எது என்று தனித்தனியாகச் சொல்ல முடிகிறது பாருங்கள், அதுதான் ஸ்யாத். 'ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு' என்று பொத்தாம்பொதுவாக மூடிவைப்பது ஸ்யாத் இல்லை, சோம்பேறித்தனம்.

ராமச்சந்திரனிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. 'முடியாது' என்ற எல்லைக்கோட்டை அவர் அடுத்தவருடைய வடிவத்தை இடிக்க மட்டும் போடவில்லை. அது முதலில் இடித்தது அவர் வீட்டுச் சுவரைத்தான். அணு இடிக்கிறது என்று குற்றம் சாட்டப்பட்ட ஆளே உட்கார்ந்து, எது இடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் செய்து கொடுத்தார். இன்று உலகத்தில் எந்த மூலையில் யார் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அதை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்காமல் வெளியிடுவதில்லை. சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் எக்ஸ்-ரேயால் கண்ட ரைபோசோம் மாதிரிப் பெரிய பெரிய வடிவங்களுக்கும் அதே சோதனைதான். யார் கட்டிய வடிவம் என்று அது கேட்பதில்லை, இடிக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும்.

சித்தன்னவாசல்காரர்கள் சொன்ன இன்னொரு பாதியையும் அவர் செய்து காட்டினார். சாதாரண எக்ஸ்-ரே படம் ஒரு பக்கத்து நிழல். முன்னால் இருக்கிற கட்டியும் பின்னால் இருக்கிற எலும்பும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். உடம்பைச் சுற்றிப் பல கோணத்திலிருந்து நிழல் எடுத்து, எல்லாவற்றையும் கணக்கால் ஒன்றுசேர்த்தால் உள்ளே இருப்பது துண்டு துண்டாகத் தெரியும். நாம் சி.டி. ஸ்கேன் என்கிறோமே, அது. பல நிழல்களை வேகமாக ஒன்றுசேர்க்கிற ஒரு கணக்கு முறையை ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-ல் வெளியிட்டார்கள். அந்த வகைக் கணக்கு பிற்பாடு ஸ்கேன் மெஷின்களில் பரவலாக ஓடியது. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. ராமச்சந்திரன் எந்த நோபலும் வாங்காமல் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். நோபல் கிடக்கட்டும். ஒரு பக்கத்து நிழலை வைத்து வயிற்றைக் கிழிக்காதே, சுற்றி வந்து பார் என்பதை மருத்துவம் கற்றுக்கொண்டுவிட்டது. ஆளைப் பார்ப்பதில் நாம் இன்னும் ஒரு பக்கத்து ஃபிலிமில்தான் இருக்கிறோம்.

இப்போது எக்ஸ்-ரே இல்லாமலே, புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டர் ஊகித்துச் சொல்கிறது. ஆல்ஃபாஃபோல்டு என்ற அந்த மென்பொருளுக்காக 2024 வேதியியல் நோபலில் பாதி போனது. அது படம் போட்டுத் தரும்போது நிறம் தீட்டித் தருகிறது. ரொம்ப நிச்சயமாகத் தெரிந்த இடம் கருநீலம். சந்தேகமான இடம் மஞ்சள், ஆரஞ்சு. ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக, 'இது எனக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று ஒப்புக்கொள்கிறது. மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். நம்மில் எத்தனை பேர் பேசும்போது நிறம் தீட்டிப் பேசுகிறோம்? மாப்பிள்ளை பார்க்கப் போய்வந்து அரைமணி நேரத்தில், "குடும்பம் சரியில்லை" என்று முழுக்கக் கருநீலத்தில் சொல்கிறோமே!

தினசரி வாழ்க்கையில் இதைக் கடைப்பிடிக்க எக்ஸ்-ரே வேண்டாம், பூஜ்யம் ஒன்று கணக்கும் வேண்டாம். ஒருவரைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போது மூன்று விஷயம் போதும். நான் பார்த்தது எந்தப் பக்கம்? மீதிப் பக்கத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா? அப்புறம், இது நடந்திருக்கவே முடியாது என்று காட்டுகிற ஒரு சாம்பார் வாளியாவது எங்காவது இருக்கிறதா? இருந்தால், அதற்குப் பிறகு 'இருந்தாலும்' கிடையாது. வாயை மூடிக்கொண்டு அந்த ஆளிடம் போய், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்க வேண்டியதுதான்.

அன்றைக்கு அந்தப் பையனிடம் அப்படி யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. இரண்டாம் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.